எட்டாம் நம்பர் லோஜனா

...ஆனால் கார்டைச் சுற்றிப் போட்ட அந்த மஞ்சள் கரை கொஞ்சம் தடித்துத்தான் போய்விட்டது, போகட்டும், கரையை யார் பார்க்கப்போகிறார்கள், எல்லோரும் லோஜனாவைத்தான் பார்ப்பார்கள் என்று நரேந்திரன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, விரி என்கிற புறநகரில் அந்த அச்சகத்துக்கு எதிரே நிறுத்திய காருக்குள் உட்கார்ந்தபடி மடியிலிருந்த பெட்டியை இன்னொரு தடவை திறந்தான். புது மை மணத்தது. நூறு லோஜனாக்கள். ஒவ்வொருத்தியும் உள்ளங்கை அளவு, ஒவ்வொருத்தியும் மட்டையை முழுவீச்சாக வீசி முடித்து, முதுகில் பெரிய எட்டாம் நம்பரோடு, முகத்தைப் பக்கவாட்டில் தூக்கி, பறந்துபோகிற பந்தைப் பார்த்துக்கொண்டு... என்ன மாதிரிப் படம்! அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கு இப்படித்தான் கார்டு அடிப்பார்கள், முன்னால் படம், பின்னால் வாழ்நாளெல்லாம் அடித்ததும் பிடித்ததும், பிள்ளைகள் சேர்த்துவைத்து மாற்றிக்கொள்வார்கள். லோஜனா ஆடுவது சாஃப்ட்பால்தான், பேஸ்பாலுக்குத் தங்கை முறை, பந்து கொஞ்சம் பெரிது, மைதானம் கொஞ்சம் சிறிது, அதனால் என்ன, வேலிக்கு வெளியே அடித்துவிட்டு நாலு மூலையும் நிதானமாகச் சுற்றி வந்தால் எந்த ஆட்டத்திலும் அது ஹோம் ரன்தான். கார்டு யோசனை பயிற்சியாளர் சினாவுடையது. கோப்பை வேண்டாம், உன் பெண்டாட்டிக்குக் கோப்பை கொடுத்தால் அதில் வெங்காயம் போட்டு வைப்பாள் என்றாள் சினா. பொய்யில்லை, சமையலறை ஜன்னலோரம் இரண்டு கோப்பையில் வெங்காயமும் ஒன்றில் பூண்டும் இருக்கின்றன. பின்பக்கத்து எழுத்துதான் அவனைப் படுத்திவிட்டது. ஹோம் ரன் எத்தனை? கிளப்பின் பழைய கணக்குப் புத்தகங்களெல்லாம் அந்தப் பெரிய வெள்ளத்தில் ஊறிப் பாப்பா கஞ்சி மாதிரி ஆகிவிட்டன, சினா ஒரு எண் சொன்னாள், இன்னொருத்தி வேறு எண் சொன்னாள், லோஜனாவிடமே பட்டும் படாமலும் கேட்டபோது, “நிறைய எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி ஒண்டும் சொல்லாதேங்கோ” என்று முட்டைக்கோசை நறுக்கிக்கொண்டே சொன்னாள். அப்படியே போட்டுவிட்டான். ஹோம் ரன்: நிறைய. தமிழிலேயே. அச்சகத்துக்காரர் அந்த வார்த்தையைப் பார்த்து இது எண்ணா, எழுத்தா என்று கேட்டார், எண்தான் என்றான் இவன்.

வண்டியைக் கிளப்பினான். நேரம் இருக்கிறது, ஒடாஹுஹுவில் மாமியை ஏற்றிக்கொண்டு பக்குரங்கா மைதானத்துக்குப் போக நிறைய நேரம் இருக்கிறது, மார்ச் வெயில் கண்ணாடியில் நன்றாக அடித்தது, சும்மாவே சிரிப்பு வந்தது அவனுக்கு. பிடிக்கிறவள்... கேட்சர் என்று சொன்னால் ஊரில், கிள்ளானில் இருக்கிற அவனுடைய அண்ணனுக்கு இன்றைக்கும் புரியாது, டேய் அவ பிடிக்கிறாளா அடிக்கிறாளா என்று கேட்பான். இரண்டும்தான். மட்டைக்காரிக்குப் பின்னால் குந்தியிருந்து, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வருகிற பந்தைப் பிடிக்க வேண்டும், முகத்தில் கம்பிக்கூடு, நெஞ்சில் கவசம், காலில் ஆமை ஓடு மாதிரி எதையோ மாட்டிக்கொண்டு, குந்தி எழும்பிக் குந்தி எழும்பி... அந்த வேலை செய்கிறவர்களுக்கு முழங்கால் செத்துப்போய் அடிக்கவே வராது என்பார்கள். இவளுக்கு வந்தது. அவன் அவளை முதன்முதலில் பார்த்ததே அந்த ஆமை ஓட்டோடுதான், அவன் வேலை செய்கிற எக்ஸ்ரே அறை வாசலில், வலது கை மோதிர விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருக்க, முழங்காலெல்லாம் மண்ணாக வந்து நின்றாள். பேரைப் பார்த்து, தமிழா என்று கேட்டான். ஓம் என்றாள். விரலை எப்படி வைக்க வேண்டும் என்று இவன் பக்குவமாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, எலும்பு உடைந்திருக்கிறதா என்று கேட்காமல், எப்ப திரும்ப விளையாடலாம் என்று கேட்டாள். அதோடு முடிந்தது அவன் கதை! பேட்மிண்டன் தவிர வேறு ஆட்டம் தெரியாதவன் பதினொரு வருடமாகக் கோடையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலியோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், தோல் கறுத்துவிட்டது, அம்மா வீடியோவில் பார்த்து என்னடா தோட்டத்து வேலைக்குப் போறியா என்கிறாள். எல்லாம் இன்றோடு சரி. இன்றோடு சரியா? முழங்கால் டாக்டர் ஆட்டம் போதும் என்று சொல்லி மூன்று வாரமாகிறது, இந்த ஆட்டம் கடைசி என்று அவளே முடிவெடுத்துச் சொன்னாள், அழவில்லை, ஒன்றும் செய்யவில்லை, ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு டிவி முன்னால் உட்கார்ந்து கையுறைக்கு எண்ணெய் தேய்ப்பாளே, அதை நிறுத்திவிட்டாள். கேட்டால் ஒண்டுமில்லை என்கிறாள். அவளுடைய ஒண்டுமில்லையை உடைத்து உள்ளே போக யாருக்குத் தெரியும்... அதனால்தான் இந்தக் கார்டு சரியாக இருக்க வேண்டும், அதனால்தான் இரண்டு வாரம் அவள் தூங்கியபிறகு கணினி முன்னால் குந்தியிருந்தான், இதை அவள் கையில் வைத்ததும் அந்த ஒண்டுமில்லையில் ஒரு விரிசல் விழ வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

ஒடாஹுஹுவில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மாமி குளிர்பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, புடவைக்கு மேலே மகளுடைய கிளப்பின் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். செல்வநாயகி மாமி. பந்து விளையாடுகிற பெண்ணை யார் கட்டுவான் என்று ஒரு காலத்தில் மட்டையை அலுமாரிக்கு மேலே ஒளித்துவைத்தவர், இப்போது நடுவரைப் பார்த்துக் கத்துவதில் அந்த மைதானத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை, விதி ஒன்றும் தெரியாது, மகளுக்கு எதிராக எது நடந்தாலும் அநியாயம். பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ். மணம் கார் முழுவதும் பரவியது, ஜன்னலைத் திறக்க மனம் வரவில்லை. “காட்டுங்கோ தம்பி, காட்டுங்கோ” என்று சீட் பெல்ட் போடுவதற்கு முன்னமே கையை நீட்டினார். இவன் ஒரு கார்டை எடுத்துப் பெருமையாகக் கொடுத்தான், சிக்னலில் சிவப்பு, மாமி மூக்குக் கண்ணாடியை மாட்டினார், தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் கழன்று விழுந்தது.

“ஏன் தம்பி, இவள் திருப்பியும் தொடங்கீட்டாளே?”

“எதை மாமி?”

“இடக்கையை. பாருங்கோவன், இடக்கைப் பக்கமா எல்லோ நிக்கிறாள்.”

பின்னால் வண்டி ஹார்ன் அடித்தது, பச்சை விழுந்திருந்தது, இவன் காரை நகர்த்தி ஒரு டெய்ரி கடை வாசலில் ஓரங்கட்டிவிட்டுக் கார்டை வாங்கிப் பார்த்தான். கார்டின் ஓரத்தில் அவன் போட்ட அந்தப் பெயர்ப்பட்டை... படத்தில் அவள் கார்டுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், பெயரைப் பார்க்கட்டுமே என்று ஒரு சொடுக்கு, ஒரே ஒரு சொடுக்கு, படம் கண்ணாடியில் தெரிவது மாதிரித் திரும்பிவிட்டது, அழகாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டான். வேறு எந்த எழுத்தாவது படத்தில் இருந்தால் இடம் வலம் மாறித் தெரிந்திருக்கும், எட்டு எப்படித் திரும்பினாலும் எட்டுத்தானே, பாழாய்ப்போன எட்டு! லோஜனா வலக்கை மட்டைக்காரி. இத்தனை வருடம் வேலியோரம் உட்கார்ந்து பார்த்தவன். அதிலும் அவன் யார், எக்ஸ்ரே எடுக்கிறவன், ஒவ்வொரு படத்திலும் இது இடது இது வலது என்று ஈயக் குறி வைக்காமல் பித்தானை அழுத்தக் கூடாது என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்து, நேற்றுக்கூடப் புதிதாக வந்த பெண்ணுக்கு அதையே இவன் அதட்டிச் சொல்லி... ஊரார் எலும்புக்கெல்லாம் இடம் வலம் பார்த்தவன் வீட்டுக்காரியைத் திருப்பிப் போட்டுவிட்டான். நூறு தடவை.

“இல்ல மாமி, நான்தான் படத்தத் திருப்பிட்டேன், தெரியாம... அய்யோ, இப்ப எங்க போய் மறுபடி அடிக்கிறது லா...” என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கும்போதே மாமி சொன்ன அந்த வார்த்தை மெல்ல உள்ளே வந்து உட்கார்ந்தது. திருப்பியுமா? “மாமி, திருப்பியும்னா என்ன? அவ இடது கைக்காரியா?”

“ஓம், பின்ன? பிறந்ததில இருந்து எல்லாம் இடக்கைதான். சோறு தின்னுறது இடக்கை, பென்சில் பிடிக்கிறது இடக்கை, வீட்டுக்கு ஆரும் வந்தா காசை இடக்கையால நீட்டுவாள், எனக்கு மானம் போகும். கையில துணி சுத்தி விட்டனான், ஒரு வருசம் பாடுபட்டு மாத்தினனான் தம்பி. இஞ்ச வந்து பாத்தா, பள்ளிக்கூடத்தில அரைவாசிப் பிள்ளையள் இடக்கையால எழுதுதுகள், ரீச்சர் பேசாமல் பாத்துக்கொண்டு நிக்கிறா!” மாமிக்கு இன்னும் அந்த டீச்சர் மேல் கோபம் போகவில்லை. கொஞ்ச நேரம் கார்டைப் பார்த்தார், கட்டை விரலால் துடைத்தார். “ஆனா வடிவாத்தான் இருக்கிறாள்” என்றார்.

பக்குரங்கா வரைக்கும் மாமி ரோல்ஸுக்கு இந்த முறை மிளகு கூடிப்போனதைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார், இவன் ஓம் மாமி, ஆமா மாமி என்று இரண்டு ஊர்த் தமிழிலும் தலையாட்டினான். மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. கார்டைக் கொடுக்காமல் விட்டால் என்ன? அச்சகத்தில் மெஷின் பழுது என்று சொல்லலாம், அடுத்த வாரம் சரியாக அடித்துக் கொடுக்கலாம்... அடுத்த வாரம் எந்த மைதானத்தில், எந்த ஆட்டத்தில் கொடுப்பது? இன்றைக்குத்தானே கடைசி. சினாவிடம் முதலில் காட்டுவதா? சினா சிரிப்பாள், சிரித்துவிட்டு எல்லோரிடமும் சொல்லிவிடுவாள். லோஜனா சிரிப்பாளா? போன வருடம் யாரோ அவள் பெயரை லோஞ்சனா என்று பலகையில் எழுதியதற்கு அவள் பேசாமல் போய் அழித்துத் திருத்தி எழுதிவிட்டு வந்தாளே, அந்த முகம்... சொல்லவே இல்லையே என்னிடம். ஒரு கட்டிலில் படுத்து, ஒரு பாத்ரூமில் பல் விளக்கி, ஒரு மார்ட்கேஜைச் சேர்ந்து இழுத்துக்கொண்டு, இதை ஏன் சொல்லவில்லை? சொல்லுகிற மாதிரி ஒரு விஷயம்தானா இது? நான் சின்ன வயதில் தூக்கத்தில் நடப்பேன் என்று அவளிடம் சொன்னேனா? சொன்னேன், இரண்டாவது நாளே சொன்னேன். நான் எல்லாவற்றையும் கொட்டுகிறவன். அவள் பிடிக்கிறவள், பிடித்ததை எளிதில் விடமாட்டாள்...

அவள் மரநிழலில் பெஞ்சில் உட்கார்ந்து காலில் ஆமை ஓடுகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். தனியாக. நல்ல வேளை. இவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு பிழை நடந்துபோச்சு என்று தொடங்கி, அப்படியே கார்டை நீட்டிவிட்டான். அவள் வாங்கினாள். பார்த்தாள். பின்பக்கம் திருப்பி, நிறைய என்பதைப் படித்தாள், உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது, மறுபடி முன்பக்கம். பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். போச்சு, என்று நினைத்தான் நரேந்திரன், இவள் எழுந்து போகப்போகிறாள், ஒண்டுமில்லை என்று சொல்லப்போகிறாள்...

“அம்மாவுக்குக் காட்டினீங்களே?”

“காட்டிட்டேன். திருப்பியும் தொடங்கீட்டாளான்னு கேட்டாங்க.”

அவ்வளவுதான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பெஞ்சிலிருந்து வழுக்கிப் புல்லில் உட்கார்ந்து சிரித்தாள், ஒரு காலில் கவசம், ஒரு காலில் இல்லை, கண்ணில் தண்ணீர், நிறுத்தப் பார்த்து அம்மா நிற்கிற பக்கம் திரும்பி, குளிர்பெட்டியைக் காவல் காத்துக்கொண்டு நிற்கிற அந்தப் பச்சைச் சட்டையைப் பார்த்ததும் மறுபடி சிரித்தாள். இவனுக்கு முதலில் பயம், அப்புறம் தாங்க முடியாமல் இவனும் சிரித்தான். “நீ ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?” என்று கேட்டான். “நீங்கள் கேக்கேல்லையே நரேன்” என்றாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எனக்கே மறந்து போச்சு. சத்தியமா. இஞ்ச வந்து முதல் முதல் மட்டை தந்த நேரம், எந்தப் பக்கம் நிக்கிறது எண்டு ரீச்சர் கேட்டவா. அம்மா வேலிக்கு வெளியில நிண்டவ. நான் அம்மாவைப் பாத்திட்டு இந்தப் பக்கம் போய் நிண்டனான்” என்றாள். கார்டைக் கால் கவசத்துக்குள் செருகி, பட்டியை இறுக்கினாள்.

ஆட்டம் எப்படிப் போயிற்று என்று பிறகு யாராவது கேட்டால் அவனால் ஒழுங்காகச் சொல்லியிருக்க முடியாது. தோற்றுக்கொண்டுதான் இருந்தார்கள், எதிர் அணியில் எல்லாம் இருபது வயதுப் பெண்கள், ரப்பர் முழங்கால். லோஜனா குந்தினாள், எழுந்தாள், பிடித்தாள், நடுவில் ஒரு தடவை எழும்போது மண்ணில் கை ஊன்றினாள், இவன் அதைப் பார்க்காத மாதிரி ரோல்ஸைக் கடித்தான், மிளகு கூடித்தான் போயிருந்தது. மாமி நடுவரைப் பார்த்து, “கண் தெரியேல்லையே உமக்கு?” என்று தமிழில் கத்த, அந்த மனிதர் பல வருடப் பழக்கத்தில் கையைத் தூக்கி வணக்கம் வைத்தார். கடைசிச் சுற்று, கடைசி முறை, எட்டாம் நம்பர் மட்டையை எடுத்துக்கொண்டு வந்தபோது வேலியோரம் எல்லோரும் கை தட்டினார்கள், அதற்குள் சினா பெட்டியை வாங்கிக் கார்டுகளைக் கொடுத்துவிட்டிருந்தாள், எல்லோர் கையிலும் அது. எதிர் அணிப் பெண்கள்கூட வேலியை நோக்கிப் பின்னால் பின்னால் தள்ளிப் போய் நின்றார்கள், இவள் அடித்தால் எங்கே விழும் என்று ஊருக்கே தெரியும். லோஜனா தரையில் பதித்திருக்கிற அடிக்கிற இடத்து வெள்ளைத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து, வழக்கமான இடத்தில் காலால் மண்ணைக் கிளறினாள். நின்றாள். பிறகு நடுவருக்கு முன்னால் குறுக்கே நடந்து தட்டின் மற்றப் பக்கம் போய் நின்று, மட்டையில் கைகளை மாற்றிப் பிடித்தாள்.

ஏய், ஏய், என்ன செய்கிறாள், என்று சினா கத்தினாள். பந்து எறிகிற பெண் குழம்பிப்போய் நடுவரைப் பார்த்தாள், நடுவர் தோளைக் குலுக்கினார், அதில் விதி மீறல் ஒன்றுமில்லை. நரேந்திரன் நாற்காலியிலிருந்து எழுந்தது அவனுக்கே தெரியாது. வேண்டாம் லோஜா, கடைசியாக ஒன்று, உன்னுடைய இடத்தில் நின்று, எல்லோரும் காத்திருக்கிற அந்த ஒன்றை வேலிக்கு வெளியே அனுப்பிவிட்டுப் போயேன்... முதல் பந்து. அவள் வீசிய வீச்சில் மட்டை காற்றைப் பிளந்தது, பந்து எங்கோ, இவள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பின்பக்கம் அடிபடத் தரையில் உட்கார்ந்தாள். மைதானமே சிரித்தது, அவளும் சிரித்தாள். இரண்டாவது, மட்டை நுனியில் பட்டு வண்டி நிறுத்துகிற பக்கம் பறந்தது, இன்னும் ஒன்று தவறினால் எல்லாம் முடிந்தது. பக்கத்தில் மாமி எழுந்து நின்றுவிட்டார், வாயில் கை. இப்போது திட்டப்போகிறார் என்று நினைத்தான். மூன்றாவது பந்து. சத்தமே சரியில்லை, எப்போதும் கேட்கிற அந்தப் பலகை பிளக்கிற சத்தம் இல்லை, டொக்கென்று, தகரத்தைத் தட்டின மாதிரி, பந்து கோணலாக எழும்பி மூன்றாம் மூலையில் நின்ற பெண்ணின் தலைக்குச் சற்று மேலாகப் போய் ஆளில்லாத புல்லில் விழுந்தது, அத்தனை பேரும் வேலியோரம் போய்விட்டார்களே, எடுக்க ஆளில்லை. “ஓடடி!” என்று ஒரு குரல் அவன் காதைக் கிழித்தது. “ஓடடி லோஜனா, ஓடு!” மாமிதான். லோஜனா ஓடினாள். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது, இரண்டு முழங்காலும் ஒன்றோடொன்று சண்டை பிடித்துக்கொண்டு போயின, ஆனால் முதல் மூலையை அவள் மிதித்த பிறகுதான் பந்து வந்தது.

ஒரு மூலை. ஹோம் ரன்னுக்குப் பக்கத்தில் வைத்தால் அது கால்பங்கு. அதற்கு அவள் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள், முழங்காலை மறந்து மறுபடி குதித்தாள், தொப்பியைக் கழற்றி எறிந்தாள், முகம்... நரேந்திரன் அந்த முகத்தைப் பார்த்தான். அந்த நிறைய ஹோம் ரன்களில் முக்கால்வாசியை அவன் இதே வேலியோரத்திலிருந்து பார்த்திருக்கிறான், பந்து மரங்களுக்கு மேலே போகும், அவள் மட்டையைப் பக்குவமாகக் கீழே வைத்துவிட்டு, பாத்திரம் கழுவி முடித்தவள் மாதிரி நிதானமாகச் சுற்றி வருவாள், பணிவு என்று நினைத்திருந்தான் இவன், எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியும் இருந்தான். இது வேறு யாரோ. இவளை எங்கே வைத்திருந்தாள் இத்தனை நாள்? சினா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள், மாமி குளிர்பெட்டியைத் திறந்துவைத்து நடுவர் உட்பட எல்லோரையும் சாப்பிட வரச்சொல்லிக் கை காட்டினார், லோஜனா முதல் மூலையில் நின்றபடியே இவனைத் தேடிப் பிடித்து இடது கையை ஆட்டினாள், இவன் ஆட்டினான், ஆட்டிக்கொண்டே, காலையில் எழுப்பும்போது தோளில் இரண்டு தட்டுத் தட்டுவாளே, நரேன், தேத்தண்ணி ஆறுது என்று, அது எந்தக் கை, என்று யோசித்தான். தட்டு ஞாபகம் இருந்தது. குரல், தேத்தண்ணி மணம், ஜன்னலில் வெளிச்சம், எல்லாம் இருந்தது. கை மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம்... ஆனால் நாளைக் காலை, இவன் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கிறான் என்று தெரிந்தால், அவள் அதே கையால்தான் தட்டுவாளா?